தறிக்கு முன்னால் நடப்பது

ஆகஸ்ட் 7 வந்துவிட்டால் இந்தியப் பல்கலைக்கழக வளாகங்கள் ஒருநாள் மட்டும் நிறம் மாறுகின்றன. பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் போச்சம்பள்ளியிலும் சந்தேரியிலும் சம்பல்பூரியிலும் வருகிறார்கள். துறை வாசலில் குழுப்படம் எடுக்கப்படுகிறது. பிற்பகலில் மரபும் நவீனமும் பற்றி ஒரு கருத்தரங்கு நடக்கிறது. மேடையில் ஒரு நெசவாளருக்குப் பொன்னாடை போர்த்தப்படும். அந்தப் பொன்னாடை பெரும்பாலும் விசைத்தறியில் ஓடிய செயற்கை இழைத் துணியாகவே இருக்கும் என்பதை அவையில் கவனிக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் மேடையில் கைகூப்பி நின்றுகொண்டிருப்பார்.

தேசியக் கைத்தறி நாளின் முதல் விழா 2015இல் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் நடந்தது. 1905ஆம் ஆண்டு அதே தேதியில் கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதன் நினைவாக அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நியத் துணியைப் புறக்கணித்த ஓர் அரசியல் செயலின் நினைவுநாள், நல்ல சேலை உடுத்திக்காட்டும் நாளாகச் சுருங்கியிருக்கிறது. அதைக்கூடப் பெருங்குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. உடுத்துவோர் இருந்தால்தான் நெய்வோர் இருக்க முடியும். உண்மையான குறை, அந்தக் கருத்தரங்க அறைக்குள் வாசிக்கப்படும் கட்டுரைகளில் இருக்கிறது.

அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரு படிமத்தில் தொடங்கி அதே படிமத்தில் முடிகின்றன: குழித்தறியில் அமர்ந்த ஓர் ஆண், அவர் கையில் நாடா, அவர் முன்னே மெல்ல வளரும் துணி. சேலை தறியில் பிறக்கிறது என்ற நம்பிக்கை இந்தப் படிமத்தின் அடியில் இருக்கிறது. இந்தியச் சேலைகளில் ஒரு பெரும் பிரிவுக்கு, கட்டிச் சாயமிட்டு நெய்யப்படும் இக்கத் சேலைகளுக்கு, இது பொருந்தவே பொருந்தாது. அங்கே சேலையின் உருவம், வண்ணம், கணக்கு, பிழை ஆகிய யாவும் நூல் தறிக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. இந்தப் பிழையான நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. யார் கலைஞர், யார் உதவியாள், யார் பெயர் சான்றிதழில் ஏறும், யார் கைக்குக் கூலி வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'இக்கத்' என்பது மலாய் மொழிக் குடும்பத்துச் சொல். கட்டுதல் என்று பொருள். கிழக்கிந்தியத் தீவுகளின் துணிகளை ஆராய்ந்த ஐரோப்பியர் வழியாக அச்சொல் உலக அருங்காட்சியகங்களின் பொதுச்சொல்லாயிற்று. தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளியில் (கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதே பெயருடைய ஊர் வேறு) இந்த வேலைக்குச் 'சிட்கி' என்று பெயர். ஒடிசாவில் 'பந்தா'. ஆயினும் 2004-05இல் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் ஏறிய பெயர் 'போச்சம்பள்ளி இக்கத்'. வட்டாரத்தின் தனித்தன்மையைக் காக்கவென்றே வந்த ஒரு சட்டத்தின் பதிவேட்டில், அந்த வட்டாரத்தார் தம் தொழிலுக்கு வைத்த பெயருக்கு இடமில்லாமற் போனது. சந்தைக்கு அறிமுகமான பெயர் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆய்வேடுகளுக்குச் சந்தை நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அவையும் இக்கத் என்றே தொடங்கி இக்கத் என்றே முடிகின்றன. சிட்கி என்ற சொல், இருந்தால், அடிக்குறிப்பில் இருக்கிறது.

இனித் தறிக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். போச்சம்பள்ளி, புட்டபாக்கா, கொய்யலகூடம் போன்ற ஊர்களில் ஊடை இக்கத் சேலை ஒன்றின் முதல் பெருவேலை 'ஆசு'. ஒரு மரச் சட்டத்தின் ஒரு முனையில் ஒற்றை முளை. எதிர்முனையில் பிறைவடிவில் வரிசையாகச் சிறு முளைகள். ஊடை நூலை அந்த ஒற்றை முளைக்கும் பிறையின் ஒவ்வொரு முளைக்கும் இடையே கையால் போக்கியும் திருப்பியும் சுற்ற வேண்டும். இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் சேலையின் அகலத்தை ஒட்டியது. எந்த முளையில் எத்தனை இழை விழ வேண்டும் என்பதற்கு வடிவமைப்பைப் பொறுத்த கணக்கு உண்டு. சுற்றி முடித்த நூல் விசிறிபோல் விரிந்து நிற்கும். நெய்யப்படாத சேலையின் வரைபடம் அது. துணியில் எந்த வரிசையில் எந்த இழை எங்கே கிடக்கப்போகிறதோ, அதே ஒழுங்கில் நூல் இங்கே அடுக்கப்பட்டுவிட்டது. ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 முறை கை போய்வர வேண்டும், நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தோளும் முழங்கையும் கண்ணும் ஒருங்கே தேயும் வேலை. அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் பெண்கள்.

பிறகு அந்த விசிறியின் மேல் கட்டக்காகிதத்தில் வரைந்த உருவத்தைப் பார்த்து அடையாளம் இடுவார்கள். சாயம் ஏறக்கூடாத இடங்களைச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாக்களால் இறுகக் கட்டுவார்கள். வெளிறிய நிறத்தில் முதலில் தோய்ப்பு. உலர்ந்தபின் சில கட்டுகளை அவிழ்த்து, சில இடங்களைப் புதிதாகக் கட்டி, அடுத்த நிறம். நிறங்கள் கூடக்கூடக் கட்டும் அவிழ்ப்பும் பெருகும். கடைசியில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து, விசிறியிலிருந்த அதே வரிசை மாறாமல் நூலைத் தார்க்குச்சிகளில் சுற்ற வேண்டும். இதுவும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒரு தார் வரிசை மாறினால் தறியில் யானையின் தும்பிக்கை அதன் வாலருகே போய் ஒட்டும். பாவிலும் உருவம் வேண்டுமென்றால் பாவு நூலுக்கும் இதே கட்டும் தோய்ப்பும் உண்டு. இரண்டும் சந்திக்கும் இரட்டை இக்கத் கணிதத்தின் கடினமான பக்கம்.

இத்தனைக்கும் பின்னரே நூல் தறிக்கு வருகிறது. தறியில் இருப்பவரின் திறன் சிறியதன்று. ஒவ்வொரு ஊடையையும் ஓரத்தில் சற்றே இழுத்தும் தளர்த்தியும் உருவம் உரிய இடத்தில் விழச் செய்பவர் அவர். ஆனால் உருவத்தை அவர் அங்கே படைக்கவில்லை. ஏற்கெனவே நூலில் எழுதி முடிக்கப்பட்டதைப் பிசகாமல் படிக்கிறார். பனாரஸின் கடுவா வேலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு நூற்கண்டை வைத்துத் தறியிலேயே உருவம் எழுப்பப்படுகிறது. அவ்வகைச் சேலைக்குத் தறியைக் கருவறை என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். அங்கும் நக்ஷா கட்டுவோர் தறிக்கு முன்னே நிற்கிறார்கள் என்பது வேறு கதை. பனாரஸுக்குப் பொருந்துவதைப் போச்சம்பள்ளிக்கும் பொருத்தி, இரண்டையும் 'கைத்தறி' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கைத்தறி என்ற சொல்லே ஒரு கருவியைப் பெயராகக் கொண்டது. கருவிக்கு வெளியே நடக்கும் வேலை அந்தப் பெயருக்குள் நுழைவதில்லை.

இந்தச் சொல்லரசியல் அரசின் எண்களில் அப்படியே இறங்கியிருக்கிறது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகக் காட்டியது. அவர்களுள் 26.73 லட்சம் பேர் நெசவாளர்கள், 8.48 லட்சம் பேர் சார்புத் தொழிலாளர்கள். பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், சாயமிடுதல், கட்டுதல் எல்லாம் இந்தச் 'சார்பு' என்ற சொல்லுக்குள் அடங்குகின்றன. இக்கத்தைப் பொறுத்தவரை, வடிவமைப்பு நிகழும் இடமே சார்பு ஆகிவிட்டது. அச்சுக்கோத்தவரை நூலாசிரியராகவும் எழுதியவரை உதவியாளராகவும் பதிவுசெய்யும் ஒரு நூலகத்தைக் கற்பனை செய்தால் இந்த வகைப்பாட்டின் விந்தை புரியும்.

கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் முதற்பக்கத்தில் வந்துவிடும். அதைப் பெண்ணதிகாரத்தின் சான்றாகக் காட்டிவிட்டு ஆய்வாளர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார். அந்த எண்ணிக்கையின் பெரும்பங்கு அஸ்ஸாம், மணிப்பூர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களுடையது. அங்கே பெண்களே தறியில் அமர்கிறார்கள், அதில் கணிசமான பகுதி வீட்டுத் தேவைக்கான நெசவு. தெலங்கானாவின் ஆசுக்காரியை அந்தச் சராசரிக்குள் கரைத்துவிடுவது அவரை இரண்டாம் முறை மறைப்பதாகும். முதல் மறைப்பு அவர் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. போச்சம்பள்ளிப் பகுதியில் நூலும் முதலும் தருபவர் பாவுக் கணக்கில் கூலி தருகிறார். ஒரு பாவில் ஏழெட்டுச் சேலைகள் இறங்கும். அந்தக் கூலி தறிக்காரர் பெயரில் வரும். ஆசு போட்ட கைக்கும் கட்டுப்போட்ட விரலுக்கும் தார் சுற்றிய பிள்ளைக்கும் தனிக் கூலி என்று ஒன்று அந்தக் கணக்கில் எழுதப்படுவதில்லை. குடும்பத் தொழில் என்ற இனிய சொல் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை ஆய்வேடுகள் அரிதாகவே கேட்கின்றன.

இந்த இடத்தில் சிந்தகிந்தி மல்லேசம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இன்றைய யாதாத்ரி புவனகிரி மாவட்டத்துச் சாரஜிப்பேட்டையைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். தாய் லட்சுமி ஆசு போட்டுப் போட்டுத் தோள்வலியால் அவதிப்படுவதைப் பார்த்து வளர்ந்து, 1992இல் தொடங்கி ஏழாண்டுகள் கடனும் கேலியும் சுமந்து, 1999இல் அந்த வேலையைச் செய்யும் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குத் தாயின் பெயரையே வைத்தார். நான்கைந்து மணி நேர வேலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாயிற்று. 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2019இல் அவர் வாழ்க்கை தெலுங்குத் திரைப்படமாயிற்று. நூற்றுக்கணக்கான வீடுகளில் பெண்களின் தோள்கள் ஓய்வு கண்டன.

மல்லேசத்தைக் 'கிராமத்து மேதை' என்று புகழ்வதில் ஆய்வுலகம் தயங்கவில்லை. ஆனால் அந்தப் புகழுக்குள் ஒளிந்திருக்கும் வினாவை அது எடுப்பதில்லை. விடுதலைக்குப் பின் ஐம்பது ஆண்டுகளாக நெசவாளர் சேவை மையங்கள், வடிவமைப்பு நிறுவனங்கள், கண்காட்சிகள், விருதுகள், ஆய்வுத் திட்டங்கள் ஆகிய எல்லாம் கைத்தறியைச் சுற்றி வந்தன. புதிய வண்ணங்கள் வந்தன, புதிய உருவங்கள் வந்தன, ஏற்றுமதிக்கான படுக்கை விரிப்புகள் வந்தன. ஆசுச் சட்டத்தின் முன் அமர்ந்த பெண்ணின் தோள் இயந்திரமாவதற்கு ஒரு மகன் தேவைப்பட்டான். சேலையைப் பார்த்த கண்கள் எல்லாம் தறியிலிருந்து பார்க்கத் தொடங்கின. அவன் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தான்.

இயந்திரம் வந்தபின் எழும் தூய்மைவாதக் குரலும் கவனிக்கத்தக்கது. ஆசு இயந்திரத்தில் சுற்றிய நூலில் நெய்த சேலையை முழுக் கைவேலை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சேலை உடுத்துவோர் இதைக் கேட்டால் அறியாமை என்று விடலாம். கைவினைக் கோட்பாடு கற்பிப்போர் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். நூல் ஆலையில் நூற்கப்பட்டது. சாயம் வேதித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கட்டும் நாடா சைக்கிள் டியூபிலிருந்து வெட்டியது. தறியின் தள்ளுநாடா பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு. இவை எவையும் கைவேலையின் தூய்மையைக் கெடுக்கவில்லை. ஒரு பெண்ணின் தோள்வலி நீங்கியது மட்டும் கெடுத்துவிட்டதாம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம்கூட இவ்வளவு கடுமை காட்டவில்லை. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்று அது எதிர்மறையாக வரையறுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தூய்மைவாதத்தை எடுத்து உதறினால் கீழே விழுவது ஓர் எளிய நம்பிக்கை: உழைப்பவர் வருந்தினால்தான் பொருளில் ஆன்மா இருக்கும்.

இதே நம்பிக்கையின் கண்ணியமான வடிவம் 'காலங்காலமான மரபு' என்ற தொடர். போச்சம்பள்ளி அதற்கு மிகப் பொருத்தமற்ற ஊர். கட்டிச் சாயமிடும் தொழில்நுட்பம் அங்கே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த சீராலாவிலிருந்து வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. சீராலாவில் எண்ணெயும் சாம்பற் காரமும் சேர்த்துப் பதப்படுத்திய நூலில் 'தேலியா ருமால்' நெய்தார்கள். எண்ணெய் வாசத்தால் வந்த பெயர் அது. அந்தச் சதுரத் துணிகள் அரபு நாடுகளுக்கும் பர்மாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போயின. அதாவது, இன்று தெலங்கானாவின் ஆதிமரபாகக் காட்டப்படுவதன் மூலவடிவம் ஓர் ஏற்றுமதிச் சரக்கு; சேலைகூட அன்று. பட்டு நெசவு போச்சம்பள்ளியில் வேரூன்றியது விடுதலைக்குப் பின்னர்தான். ஒரு மாகாணத்தின் ருமாலை நிஜாம் அரசின் ஊரொன்று கற்று, சேலையாக்கி, பருத்தியிலிருந்து பட்டுக்கு மாற்றி, அரை நூற்றாண்டில் உலகப் பெயராக்கிற்று. இந்த வேகமும் துணிவும் அல்லவா வியப்புக்குரியவை? மரபு என்று சொன்னவுடன் அவை மறைகின்றன. கற்றவர், மாற்றியவர், கணக்கிட்டவர் ஆகியோர் மறைந்து, முன்னோரிடமிருந்து பெற்றதைக் கைமாற்றும் குருதிவழி மட்டும் எஞ்சுகிறது.

1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே இந்த ஊருக்கு வந்தபோது தலித் குடும்பங்கள் கேட்டது நிலம். வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்ததில் பூதான் இயக்கம் பிறந்தது. 2021இல் ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு இந்த ஊரைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உழைப்பவரின் கேள்வியாக அறியப்பட்ட ஓர் ஊர் பார்ப்பவரின் காட்சியாக மாறிய பயணம் தெரிகிறது. சுற்றுலா வருவோர் தறிக்கூடத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆசு பெரும்பாலும் வீட்டுக்குள்.

பார்ப்பவரின் அறிவுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். இருபது படிகள் தயாராயின; 13 பிரிட்டனுக்குள் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் தெரிந்துகொண்டு அதுபோலச் செய்து விற்க வேண்டும் என்பதே நோக்கம். அவர் அதை மறைக்கவும் இல்லை. ஊர், நீளம், அகலம், எடை என்று ஒவ்வொரு துண்டுக்கும் விவரம் இருக்கும். நெய்தவர் பெயர் தேவைப்படவில்லை. துணியைப் படியெடுக்க விரும்புபவனுக்கு அது எதற்கு?

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இந்திய ஆய்வேடுகளின் இணைப்புப் பட்டியல்களைப் புரட்டினால் அதே நிரல்கள். ஊர், இழை, உருவத்தின் பெயர், நிறம், கரையின் அகலம். பிள்ளையார்பட்டித் தேங்காய் உடைப்பதுபோல் தொடக்கத்தில் ஒரு கோட்பாட்டாளர் பெயர், பிறகு உருவங்களின் பட்டியல், அன்னம் எதன் குறியீடு, யானை எதன் குறியீடு என்ற விளக்கம். நெசவாளர் 'தகவலாளி'யாக நன்றியுரையில் வருவார். அவர் கட்டக்காகிதத்தில் போட்ட கணக்கு ஆய்வேட்டில் இராது. வாட்சனுக்காவது படியெடுக்கும் நோக்கம் இருந்தது. அதற்கு எடையும் நீளமும் போதும். இன்றைய ஆய்வாளருக்குப் புரிந்துகொள்ளும் நோக்கம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. புரிந்துகொள்ள அந்த நிரல்கள் போதா.

விதிவிலக்குகள் உண்டு. பி.சி. மொகந்தியும் கல்யாண் கிருஷ்ணாவும் ஒடிசா, ஆந்திர இக்கத் துணிகளைப் பற்றி எழுதி 1974இல் அகமதாபாத் கலிக்கோ அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வு, செய்முறையை மையத்தில் வைத்த வேலை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நூலை மேற்கோள் காட்டுவோர் பலர். அது செய்த வேலையைத் தொடர்வோர் சிலர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கூலியும் தோள்வலியும் பொருளியலாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் உரியவை. அழகியல் தன்னாட்சி உடையது. சேலையைச் சேலையாகப் பார்க்க விடுங்கள் என்பார்கள். நேர்மையான மறுப்புத்தான். சேலையைச் சேலையாகவே பார்ப்போம்.

இக்கத் உருவத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய கசிவு இருக்கும். கோடு கத்தியால் வெட்டியதுபோல் நிற்காமல், அடுத்த நிறத்துக்குள் இலேசாக நடுங்கி இறங்கும். ரசனைக் கட்டுரைகள் இந்தக் கசிவில்தான் மெய்மறக்கும். கனவு, நீர்ப்பிம்பம், தியானம் என்றெல்லாம் எழுதப்படும். அந்தக் கசிவு என்ன? இறுகக் கட்டிய ரப்பரின் ஓரத்தில் சாயம் ஊறி உள்ளே நுழைந்த தூரம். நெய்யும்போது இழை தன்னிடத்திலிருந்து மயிரிழை நகர்ந்த தூரம். விளிம்பு எவ்வளவு கூர்மை என்பது எத்தனை இழைகளை ஒரு கட்டில் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதிக இழைகளைச் சேர்த்துக் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும். வளைகோடு படிக்கட்டாகத் தெரியும். சில இழைகளாகப் பிரித்துக் கட்டினால் வளைவு வளைவாகவே வரும். கட்டுகளின் எண்ணிக்கை பன்மடங்காகும். ஆக, ஒரு மயிலின் கழுத்து எவ்வளவு மென்மையாக வளைகிறது என்பது எத்தனை மணி நேரம் யார் விரல் கட்டுப்போட்டது என்பதற்கான நேரடி அளவு. கூலி தாழும்போது முதலில் பாதிக்கப்படுவது அந்தக் கழுத்துத்தான். கட்டுகள் குறையும், உருவம் பெருக்கும், வளைவுகள் சதுரமாகும். சந்தைக்கு வரும் மலிவான இக்கத்தில் பெரிய பெரிய கட்டங்கள் மலிந்திருப்பதற்கு நவீன ரசனையைக் காரணமாகச் சொல்லும் வடிவமைப்பு விமரிசகர், கட்டுக்கூலியையும் ஒருமுறை விசாரிக்கலாம். உழைப்பின் கணக்கை நீக்கிவிட்டு இந்தச் சேலையின் அழகைப் பேச முடியாது. அந்த விளிம்பு வேறு எதனாலும் ஆனதன்று.

இத்தனை நுட்பமான அறிவுக்குக் கிடைப்பது என்ன? நான்காவது கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டின. முந்தைய கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை பத்தாண்டுகளில் எட்டு லட்சம் சரிந்தது. ஆலைகள் கைத்தறிக்கெனக் கட்டாயமாகத் தர வேண்டிய சிட்டா நூலின் பங்கு 2019இல் 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆயிற்று. 2020 ஜூலை 27 அன்று அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. அதற்குப் பதினொன்றாம் நாள் தேசியக் கைத்தறி நாள். வழக்கம்போல் வாழ்த்துகள் பறந்தன. அந்த வாரியம் ஆலோசனை அமைப்பு மட்டுமே, பெரிய அதிகாரம் ஏதும் அதற்கில்லை என்பது உண்மை. ஆனால் தொழிலைச் சேர்ந்தவர் அரசிடம் நேரில் பேச ஒரு மேசை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். சேலைப் படங்களால் நிறைந்த அந்த ஆகஸ்டில் ஆய்வுலகத்திலிருந்து எழுந்த எதிர்ப்பை எண்ணிவிடலாம்.

இதற்கும் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கைத்தறியைப் பாரம்பரியம் என்று வரையறுத்தால் அதற்குரியவை நினைவுநாளும் விருதும் கண்காட்சியும். தொழில்நுட்பம் என்று வரையறுத்தால் அதற்குரியவை நூல் விலை, ஆராய்ச்சி நிதி, காப்பீடு, கூலி நிர்ணயம். முதல் வரையறைதான் அரசுக்கு மலிவானது. அந்த மலிவான வரையறைக்கு அறிவுலகச் சான்றிதழ் ஆண்டுதோறும் ஆகஸ்டில் தவறாமல் வழங்கப்படுகிறது. 1991இல் நூல் விலை ஏறியபோது ஆந்திரத்தின் பிரகாசம், குண்டூர் மாவட்டங்களிலிருந்து நெசவாளர்களின் பட்டினிச் சாவுச் செய்திகள் வந்தன. சீராலா இருப்பது அந்த வட்டாரத்தில்தான். தேலியா ருமால் பிறந்த அதே சீராலா. எத்தனை இக்கத் ஆய்வேடுகளில் அந்த ஆண்டு இடம்பெற்றிருக்கிறது?

போச்சம்பள்ளி இக்கத்தின் புவிசார் குறியீட்டுப் பதிவில் உரிமையாளர்களாக இருப்பவை இரண்டு அமைப்புகள்: அவ்வூர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், கட்டிச் சாயமிட்ட பட்டுச் சேலை உற்பத்தியாளர் சங்கமும். நெசவாளருக்கு ஓர் இருக்கை, முதலீட்டாளருக்கு ஓர் இருக்கை. ஆசு போடுவோருக்கும் கட்டுவோருக்கும் தனியாக ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்று எந்த ஆய்வாளரும் பரிந்துரைத்து வழக்காடியதாகவும் தெரியவில்லை. ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு இதை மாற்றிவிடாது. ஆனால் கட்டக்காகிதத்தில் உருவத்தை வரைந்தவர் யார், ஒரு சேலைக்கு எத்தனை கட்டுகள், ஒரு கட்டில் எத்தனை இழைகள், ஆசு கையாலா இயந்திரத்தாலா, இயந்திரமென்றால் மிச்சமான மூன்று மணி நேரம் அந்தப் பெண்ணுக்கு என்னவாயிற்று, பாவுக் கூலியில் அவர் பங்கு எவ்வளவு என்ற நிரல்களை இணைப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை. அன்னத்தின் குறியீட்டு விளக்கத்தில் இரண்டு பக்கம் குறைத்துக்கொண்டால் போதும்.

இப்போதெல்லாம் விலையுயர்ந்த கைத்தறிச் சேலைகளின் முந்தியில் ஒரு சிறு அட்டை தொங்குகிறது. நெய்தவரின் படம், பெயர், ஊர், நெய்ய எடுத்த நாட்கள். பெயரற்றவருக்குப் பெயர் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு அந்த அட்டையில் தெரிகிறது. படத்தில் இருப்பது தறியில் அமர்ந்த ஓர் ஆண். எடுத்த நாட்கள் என்பது அவர் தறியேறிய நாளிலிருந்து எண்ணியது. வரும் ஆகஸ்ட் 7 அன்றும் ஏதோ ஒரு துறையின் மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அவையில் இருக்கும் மாணவர் எவரேனும் எழுந்து, இந்தச் சேலைக்கு ஆசு போட்டது யார், அவரை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டால், அந்த நெசவாளர் தயங்காமல் பெயர் சொல்லுவார். மேடையில் உள்ள மற்றவர்களுக்குத்தான் அந்தப் பெயர் தெரிந்திருக்காது.